இருக்கிறதாம்

லொரியான் துறைமுக வானொலியில் இரவுப் பணிக்கு
ஒரே ஒரு ஜன்னல். அதுவும் மீன் ஏலக்கூடத்தைப் பார்த்தபடி.
மத்தூரென் லெ காரெக் மூன்று மணிச் செய்தியை வாசித்தான்:
'பாசியான்ஸ்' என்னும் இழுவலைப் படகு
உஷான் தீவுக்கு மேற்கே நாற்பது மைலில் இருக்கிறதாம்.
அதில் ஐந்து பேர் இருக்கிறார்களாம்.

பிரெஞ்சில் இந்த 'ஆம்' கிடையாது.
நாம் வினையின் வாலில் அதை ஒட்டிவிட்டு
பொறுப்பைக் கழற்றிக்கொள்கிறோம்.
அவர்கள் வினையையே பிரித்துத் தைக்கவேண்டும்.
எதிர்காலத்துக்கென்று வெட்டிவைத்த பகுதியை எடு:
இருப்பதற்கு ஸெர், போவதற்கு வெறும் ஈர்,
வருவதற்கு வியான்த்ர்.
அதன் முனையில்
நேற்றெல்லாம் முடியாமல் நீண்டுகொண்டிருந்த செயலின்
விகுதியை மாட்டு.
முன்பாதி நாளை, பின்பாதி நேற்று.
இன்று எங்கே என்றால்
நடுவில் ஒரு 'ர்' தொண்டையில் உரசுகிறது, அவ்வளவுதான்.

நம் இலக்கணத்தில் அந்த நேற்றுக்குப் பெயர் இறந்தகாலம்.
இந்த இரவில் அந்தப் பெயர் வேண்டாம்.

ஒலிவாங்கிக்கு மேலே ஆசிரியை கெர்வெல்லா
ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்:
கடலோரக் காவல் உறுதிசெய்யும் வரை
எல்லா வினைக்கும் -ரே.

மூன்று இருபதுக்குத் தொலைபேசி.
"செய்தி வாசித்தவரிடம் பேச விரும்புவேன்."
அதுவும் அதே வடிவம்தான்.
ரொட்டிக் கடையிலும் தபால் நிலையத்திலும்
'வேண்டும்' என்று முகத்தில் அறையாமல்
ஓரடி பின்னால் தள்ளி நிற்கும் மரியாதை.
பெயர் சுவாஸிக். கணவன் படகில் இயந்திரம் பார்க்கிறான்.

அவளுக்குப் பின்னால், தூங்காத பிள்ளை ஒன்று:
"நீ திமிங்கிலமாம், நான் கப்பலாம்,
நீ என்னை முழுங்க மாட்டியாம்."
அங்கேயும் -ரே, -ரே, -ரே.

"இருக்கிறதாம் என்றால் என்ன? இருக்கிறதா?"
"உறுதியாகவில்லை என்று பொருள், மதாம்."
"இல்லை என்று பொருள் இல்லையே?"
"இல்லை," என்றான். பிறகு பதறி,
"இல்லை என்று பொருள் இல்லை."

நேற்று மாலை ஆறரைக்கு வந்த குறுஞ்செய்தியை
எழுத்துக் கூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வருவேன்.
வே, ஈ, எ, என், தே, எர், ஆ, ஈ.
நிறுத்தினாள்.
எஸ்.

அந்தக் கடைசி எஸ் இல்லாவிட்டால் அது வாக்கு.
இருந்தால், ஓர் 'ஆல்' தேடி அலையும் பாதி வாக்கியம்:
காற்று தணிந்தால் வருவேன்,
பம்பு ஓடினால் வருவேன்,
என்ன ஆனால் என்று எழுதாமலே விட்ட ஒன்று ஆனால்
வருவேன்.

"அவருக்கு எழுத்துப்பிழை அதிகம்.
உருளைக்கிழங்குக்கு ஒரே ஒரு எம் போடுவார்.
ஆனால் இதை...
இதைத் தெரிந்தே போட்டிருப்பாரோ?"

கண்ணாடிக்கு அப்பால் கெர்வெல்லா
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.
ஏலக்கூடத்தில் யாரோ பெட்டிகளில் பனிக்கட்டி கொட்டினார்கள்.
பதினோரு வருடமாக
ஏகாரத்தின் அகலத்தை அளந்து பேசிப் பழகிய வாய் அவனுடையது.
எஸ் உள்ளதைச் சற்று விரித்துச் சொல்வான்,
இல்லாததைச் சற்று ஒடுக்கி.
நேயர்கள் யாரும் இதுவரை கவனித்ததில்லை.

"வாய்விட்டுப் படியுங்கள், மதாம்," என்றான்.
"அந்த எழுத்துக்கு ஒலி கிடையாது."

படித்தாள்.
காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.
அந்தக் கரைக்காரர்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான்.
இன்னொரு தரம் படித்தாள்.
பிள்ளை எதையோ கவிழ்த்தது. தொடர்பு அறுந்தது.

நான்கு மணிச் செய்தி.
தாள் மாறவில்லை. கடலோரக் காவல் பேசவில்லை.
மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

படகு உஷான் தீவுக்கு மேற்கே
இன்னும் இருக்கிறதாம்.
அதில் ஐந்து பேர்
இன்னும் இருக்கிறார்களாம்.

'இன்னும்' தாளில் இல்லை.